கடிக்காத வரகு

செவந்தியின் கடைவாய்ப் பல்லில் படாத எதுவும் அவளுடைய சத்துமாவில் சேர்ந்ததில்லை. கம்பு வந்தால் ஒரு மணியை எடுத்துக் கடிப்பாள். டக்கென்று உடைந்தால் சரி. நசுங்கினால் ஈரம் என்று மறுபடி வெயிலுக்குத் தள்ளிவிடுவாள். பாசிப்பயறு, உளுந்து, வரகரிசி, சுக்கு, புதுக்கோட்டைக் கடையிலிருந்து வரும் தண்ணீர்விட்டான் கிழங்கு, எல்லாமே அந்தப் பல்லைத் தாண்டித்தான் உரலுக்குப் போக வேண்டும். சுங்கச்சாவடியில்கூட அத்தனை கெடுபிடி இருக்காது.

குடுமியான்மலைக்குத் தெற்கே நெடுங்கரைப்பட்டியில் அவளிடம் மாவு வாங்காத வீடு குறைவு. பால்குடி மறந்த பிள்ளை, காய்ச்சலில் விழுந்து எழுந்த ஆள், பிள்ளைத்தாய்ச்சி என்று ஆளுக்குத் தக்கபடி ஒன்றைக் கூட்டுவாள், ஒன்றைக் குறைப்பாள். நோஞ்சான் ஆம்பிளைக்கு அமுக்கராக் கிழங்கு சேர்ப்பாள். பிள்ளைத்தாய்ச்சி மாவு திரிக்கும்போது அமுக்கரா இருக்கிற பானைப் பக்கமே போக மாட்டாள்.

"மண்ணுல வெளஞ்ச கெழங்குதான, அது என்ன செஞ்சிரும்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "ஊமத்தையும் மண்ணுலதான் வெளையுது. ரெண்டு காய் பறிச்சுத் தரவா?" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். கை சுத்தம் என்பதால் ஊர் பொறுத்துக்கொண்டது.

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தேற்றிவிட்டவள் வீட்டில் தொட்டில் கட்ட வழியில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, அந்தக் கதைதான். மகன் ரத்தினவேலுக்குக் கட்டிவந்த அழகிக்கு இரண்டு முறை கரு உண்டாகி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. செவந்தியின் நாத்தனார் ராக்காயி வரும்போதெல்லாம், "எம் மக சும்மாதான இருக்கா" என்று காற்றில் ஒரு பேச்சை விட்டுவிட்டுப் போவாள்.

"இந்த வீட்டுக்கு மருமக ஒருத்திதான். அவ பெத்தாலும் சரி, பெறாட்டியும் சரி" என்று செவந்தி முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினாள். சொல்லிவிட்டாளே ஒழிய, உள்ளுக்குள் பயம் இருந்தது. இன்னொன்றும் கலைந்தால் மகன் மனம் எத்தனை நாளைக்கு ஒரே இடத்தில் நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அழகி தாயில்லாப் பெண். அரைச் சொல் அதட்டினால்கூட எதிர்த்துப் பேசாமல், "சரிங்கத்தை" என்று தலையை ஆட்டுகிற பிறவி. அவளை இழக்கச் செவந்திக்கு மனமில்லை.

புது நயா பைசா வந்த அந்த வருஷம் அழகி மூன்றாம் முறையாக உண்டானாள். மூன்றாம் மாதம் தாண்டியது. நான்கும் தாண்டியது. ஐந்தில் வயிற்றுக்குள் பிள்ளை துள்ளுகிறது என்று அழகி வெட்கத்தோடு சொன்னபோது செவந்தி அடுப்படியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்ததை மருமகள் பார்க்க வேண்டாம் என்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஊர்ச் சிவன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டியது. பஞ்சம் என்றும் யுத்தம் என்றும் பங்காளிச் சண்டை என்றும் தள்ளித் தள்ளிப் போட்டு, இரண்டு மாமாங்கம் ஓடியிருந்தது. கோபுரத்துச் செப்புக் கலசத்தை இறக்கினார்கள். மூட்டு விட்டுப்போய் எத்தனையோ மழை அதற்குள் இறங்கியிருந்தது. உள்ளே அடைத்திருந்த வரகில் பச்சைப்பொடி பூத்திருந்தது.

"அம்பாளோட நெறத்தைப் பாருங்கப்பா!" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வரகு கெடும் என்று அந்த ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். இடியைத் தாங்கும், எத்தனை வருஷமானாலும் முளைக்கும் என்றுதானே கோபுரத்தில் வைப்பது? பழைய கலசத்து வரகை வீட்டுக்கு ஒரு பிடி வாங்கிப் போவதும், அதைப் பிள்ளைத்தாய்ச்சிக்கோ குழந்தைக்கோ கஞ்சியில் சேர்ப்பதும் அங்கே வழக்கம். தர்மகர்த்தா முத்துராமன்தான் அள்ளிக் கொடுத்தார். செவந்தி முந்தானையை விரித்து நின்றபோது, "ஒம் மருமகளுக்கா? இந்தா, ரெண்டு பிடியா வாங்கிக்க" என்று கூடுதலாகவே போட்டார். நல்ல மனுஷர்.

வீட்டுக்கு வந்து முந்தானையை அவிழ்த்தவுடன் அவள் விரல் பழக்கத்தில் ஒரு மணியை எடுத்து வாய்வரை கொண்டுபோனது. உதட்டுக்கு அருகில் நின்றுவிட்டது. சாமி தலையில் இருந்ததை எச்சில் பண்ணுவதா? தப்பு, தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கழுவவும் இல்லை. கழுவிய தண்ணீர் யார் காலிலாவது மிதிபடுமே! உமியைப் புடைத்துக் கொட்டவும் மனம் வரவில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தை உமியோடு இடித்து, துணியில் சலித்து, அழகிக்கென்று தனியாகத் திரித்த மாவில் கலந்தாள். பக்தி வந்தால் பல்லுக்கு வேலையில்லை என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அழகி குடித்தாள். கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கம் ஓடி அத்தனையையும் வாந்தி எடுத்தாள்.

"மசக்கை" என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய்.

"அஞ்சாம் மாசத்துலயா?"

"சிலருக்குப் பெறுற வரைக்கும் இருக்கும். எங்க சின்னம்மா பிரசவ வலியிலயும் வாந்தி எடுத்தா."

அழகி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். "அத்தை, வாயெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. அம்மன் காசை வாயில ஒதுக்கிக்கிட்ட மாதிரி."

அம்மன் காசு என்பது புதுக்கோட்டை ராஜா காலத்துச் சின்னச் செப்புக்காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். சமஸ்தானமும் போய், காசும் செல்லாமல் போன பிறகு, வீடுகளில் பிள்ளைகள் உருட்டி விளையாடவும் வாயில் போட்டு அடி வாங்கவும் கிடந்தது. அதன் ருசி தெரியாதவர் அந்தச் சீமையில் கிடையாது.

பொன்னுத்தாய் நெஞ்சில் கை வைத்தாள். "அடி ஆத்தே! அம்மனே ஒன் வாயில வந்து ஒக்காந்திருக்காடி. இந்தப் பிள்ளை தங்கிரும் பாரு."

எதை நம்ப ஆசையோ அதை நம்புவது மனித சுபாவம். செவந்தியும் நம்பினாள். வயிற்றில் தங்காவிட்டால் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதுதானே என்று காலையில் மட்டும் கொடுத்த ஒரு தம்ளர் கஞ்சியைக் காலை, மாலை என்று இரண்டு வேளை ஆக்கினாள். அழகி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள், வாந்தி எடுத்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். கன்னம் ஒட்டியது. கழுத்தெலும்பு தெரிந்தது. அவள் இளைக்க இளைக்கச் செவந்தி இன்னும் அன்போடு கஞ்சியைத் தூக்கிக்கொண்டு பின்னால் அலைந்தாள். பாவம், இரண்டு பேருமே.

ரத்தினவேலுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் கை மேல் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை. கடைக்காரன் மேல் தோன்றியது. தண்ணீர்விட்டான் கிழங்கில் ஏதோ காட்டு வேரைக் கலந்துவிட்டான் என்று முடிவுகட்டி, புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய், நாட்டுமருந்துக் கடை சந்தனராஜைக் கடைவீதியே கூடும்படி கிழித்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலையிலேயே சந்தனராஜ் சைக்கிளில் வந்து இறங்கினார். ஆவூர்க்காரர், கிறிஸ்தவர். அப்பா காலத்திலிருந்து செவந்தி வீட்டுக்குச் சரக்குக் கொடுக்கிறவர். கேரியரில் ஒரு பை நிறையக் கிழங்கு.

"தம்பி என் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துட்டு வந்துருச்சுக்கா. அது போகட்டும், புள்ளைக்கு முடியலைங்கிற கோவம். ஒங்களுக்குக் கொடுத்த அதே மூட்டையில எடுத்தது இது." ஒரு கிழங்கை ஒடித்து வாயில் போட்டு மென்று விழுங்கினார். இன்னொன்றை ஒடித்துச் செவந்தியிடம் நீட்டினார்.

செவந்தி கடித்தாள். எப்போதும் போல லேசான இனிப்பு, கொஞ்சம் வழவழப்பு. அது நல்ல கிழங்கு என்பதில் சந்தேகமே இல்லை. அவளாகவே உள்ளே போய் மிச்சமிருந்த கம்பு, பயறு, உளுந்து, சுக்கு எல்லாவற்றையும் முறத்தில் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தார்கள். எதிலும் பழுதில்லை.

"வேற ஏதாச்சும் சேத்தீங்களாக்கா?"

"ஒண்ணுமில்ல. கலசத்துச் சாமி வரகு ரெண்டு பிடி போட்டேன்."

சந்தனராஜ் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"என்னா, சொல்லுங்க."

"கடைச் சரக்குன்னா நான் பேசுவேன். இது ஒங்க கோயில் சமாச்சாரம். நான் வேதக்காரன். நான் ஒண்ணு சொன்னா அது வேற மாதிரி ஆயிரும்க்கா." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிழங்குப் பையை அங்கேயே வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் பேசியிருந்தால் செவந்தி சண்டைக்குப் போயிருப்பாள். பேசாமல் போனதுதான் அவளைக் குடைந்தது. உள்ளே அழகி வெறும் வயிற்றோடு ஓக்களித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. செவந்தி சாமி மாடத்துக்கு முன்னால் போய் நின்றாள். "என்னைய மன்னிச்சிரு" என்று சொல்லி, கிண்ணத்திலிருந்து ஒரு வரகை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தாள்.

அம்மன் காசு. அதே ருசி, நாக்கில் ஒட்டிக்கொண்டு இழுத்தது. கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஈயம் பூசாத செம்பில் புளித்தண்ணீர் கிடந்தால் ஓரத்தில் பிடிக்குமே, அதே களிம்பு. வீட்டுச் செம்பில் நகத்தளவு கண்டால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காமல் விடமாட்டாள். கலசமும் செம்புதானே என்று அவளுக்குத் தோன்றவில்லையே! அதைத்தான் பாலும் கருப்பட்டியும் விட்டுக் காய்ச்சி, ஊதி ஊதிக் கொடுத்திருக்கிறாள்.

மாவுப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். அழகிக்கு மோரைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே, "பஸ்ஸு மத்தியானந்தான் வரும். வண்டியப் பூட்டுடா! ஆஸ்பத்திரிக்கு!" என்று மகனைப் பார்த்துக் கத்தினாள். இரண்டு வார்த்தையில் காரணத்தையும் சொன்னாள். அவன் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டை அவிழ்க்க ஓடினான்.

வண்டியில் வைக்கோலைப் பரப்பி அழகியைப் படுக்கவைத்தார்கள். அழகி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, நேத்துலேருந்து துள்ளல."

செவந்தி ஒரு காலை வண்டியில் வைத்துவிட்டாள். அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. பொன்னுத்தாயின் பேரனுக்கு இன்றைக்கு முதல் சோறு ஊட்டுகிறார்கள். சாமி வரகில் கஞ்சி வைக்கப் போவதாக ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவந்திக்கு வண்டியிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. அங்கே பல் முளைக்காத ஒரு குழந்தை, இங்கே இரண்டு உயிர். அழகியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "நீ போத்தா. அவன் இருக்கான். நான் மத்தியானப் பஸ்ஸுல வாரேன்." அழகி எப்போதும் போல, "சரிங்கத்தை" என்றாள். அந்த 'சரிங்கத்தை' செவந்தியின் நெஞ்சை அறுத்தது. வண்டி நகர்ந்ததும் திரும்பிப் பார்க்காமல் பொன்னுத்தாய் வீட்டுக்குள் ஓடினாள்.

வீடு நிறையச் சனம். நடுவில் மனையில் பொன்னுத்தாய், மடியில் பேரன், கையில் கஞ்சி நிரம்பிய வெள்ளிச் சங்கு. பக்கத்தில் பெரிய மனுஷராகத் தர்மகர்த்தா முத்துராமன். செவந்தி போன வேகத்தில் சங்கைப் பிடுங்கினாள். கஞ்சி தரையில் சிந்தியது.

"ஏய், ஒனக்குப் பித்தா பிடிச்சிருக்கு?" பொன்னுத்தாய் எழுந்துவிட்டாள். "ஒம் மருமக வயித்துல கஞ்சி தங்கலைன்னா எம் பேரன் வாயில அடிப்பியா?"

"ஆமா, தங்கலைதான். ஏன் தங்கலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு. அந்த வரகுல செம்புக் களிம்பு ஏறியிருக்கு. யாரும் வாயில வைக்காதீங்க."

கூடியிருந்தவர்கள் முத்துராமனைத் திரும்பிப் பார்த்தார்கள். முத்துராமன் தொண்டையைக் கனைத்தார். "செவந்தி, என்ன பேசுறோம்னு தெரிஞ்சு பேசு. சாமி பொருளை வெஷம்னு சொல்ற. ஊருக்கே குத்தமாயிரும்."

"சாமியச் சொல்லலண்ணே. ரெண்டு மாமாங்கமா மழை எறங்குன செம்பைச் சொல்றேன். அதை எறக்கிப் பாக்காம விட்டது சாமியா, நாமளா?" பெண்கள் பக்கம் திரும்பினாள். "ஈயம் பூசாத செம்புல புளிக்கொழம்பு வச்சு மறுநாள் பிள்ளைக்கு ஊத்துவீங்களா? ஒருத்தி சொல்லுங்க."

செவந்தி தட்டில் மிச்சமிருந்த வரகில் ஒரு மணியை எடுத்துப் பொன்னுத்தாயிடம் நீட்டினாள். "கடிச்சுப் பாரு."

"சாமி பொருளை எச்சில் பண்ணச் சொல்றியா?"

"ஒம் பேரன் தின்னா அது எச்சில் இல்லையா?" செவந்தி வரகை இன்னும் கிட்டே நீட்டினாள். "நானும் இப்படித்தான்டி எச்சில்னு நெனச்சேன். கடிக்காமப் போட்டேன். எம் மருமக அங்க வண்டியில கெடந்து போறா. வயித்துல பிள்ளை துள்ளலையாம். நான் அவகூடப் போகாம ஒங்கிட்ட வந்து நிக்கிறேன். கடி, பொன்னுத்தாயி."

பொன்னுத்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வரகை வாங்கிக் கடித்தாள். கடித்தவள் முகம் மாறியது. பேரனை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்த் துப்பினாள். முத்துராமன் மெதுவாகக் கையை நீட்டித் தட்டிலிருந்து தானும் ஒன்றை எடுத்தார். கடித்தார். அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டதை எல்லாரும் பார்த்தார்கள்.

"நானேதான அள்ளி அள்ளிக் குடுத்தேன்" என்றார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "வீட்டுக்கு வீடு வாங்கி ஊருணியில கரைச்சிருவோம்" என்றார்.

"ஊரே குடிக்கிற தண்ணியிலயாண்ணே? நந்தவனத்து மூலையில ஆழமாத் தோண்டிப் பொதைங்க."

"சரி, அப்படியே செய்யிறேன். நீ போ தாயி. மத்தியானப் பஸ்ஸ விட்டுராத" என்றார் அவர். செவந்தி கிளம்பும்போதே பெண்கள் வீட்டுக்கு ஓடி, முடிந்து வைத்திருந்த பிடிகளை அவிழ்த்து எடுத்து வந்துகொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை அவளுக்கு. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் ரத்தினவேல் தனியாக நின்றதைப் பார்த்ததும் ஓடினாள். "என்னடா?" என்றாள். அவன் உள்ளே கையைக் காட்டினான்.

கட்டிலில் அழகி கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். டாக்டரம்மா அப்போதுதான் பிள்ளையின் துடிப்புக் கேட்கிற மரக்குழலை அவள் வயிற்றிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்கதான் மாமியாரா? வயித்தைக் கழுவியாச்சு. பிள்ளையோட இதயம் துடிக்குது, நல்லாக் கேக்குது. சோர்ந்துபோயிருக்கு, அவ்வளவுதான். இன்னும் ரெண்டு நாள் குடிச்சிருந்தா நான் எதுவும் சொல்லியிருக்க முடியாது. கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும்."

செவந்தி கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெகு நேரம் அழுதாள். யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்:

"ஏன்டி, வாயில காசு மாதிரி இருந்துச்சுங்கிற, வயித்தைப் புரட்டுச்சுங்கிற. ஒரு நாளாச்சும் வேணாம்னு சொல்லக் கூடாதா?"

"நீங்க கடிச்சுப் பாக்காம எதுவும் போடமாட்டீங்கல்ல அத்தை" என்றாள் அழகி. "கசந்தாலும், ஒங்களுக்குத் தெரிஞ்ச கசப்பாத்தான் இருக்கும்னு குடிச்சிட்டேன்."

வாழ்நாளில் செவந்தி கேட்ட ஏச்சிலெல்லாம் பெரிய ஏச்சு அதுதான். ஏசுகிறோம் என்றே தெரியாமல் அழகி ஏசிவிட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கஞ்சி கொடுத்தார்கள். செவந்தி தட்டை வாங்கி, ஒரு கரண்டி எடுத்து, பழக்கத்தில் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தி, அழகியிடம் நீட்டினாள்.

"நீ பாரு மொதல்ல. பிடிக்கலைன்னா துப்பிரு. இங்க பாரு, நானே குடுத்தாலும் துப்பிரணும். சரியா?"

அழகி "சரிங்கத்தை" சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கரண்டியை வாங்கினாள். நாக்கில் வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிப் பார்த்தாள். மாமியாரைத் தயக்கத்தோடு ஏறிட்டாள்.

"உப்பே இல்ல அத்தை" என்றாள்.

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் குறை அது. செவந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழியில் நின்ற நர்ஸை ஒதுக்கிவிட்டு, உப்பு வாங்க ஓடினாள்.